“புகையிலை தொட்டதே இல்லை, வெறும் பாக்குதான்!”

உழவர் வீட்டு மருத்துவம் – கேள்வி பதில்

தர்பூசணிக்கு மருந்து அடிக்கும்போது கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் மூன்று, கண்ணை விட்டுவிட்டு வாயைப் பற்றிக் கேட்டிருக்கின்றன. மூன்றுக்கும் உறவு இருக்கிறது. அதனால் இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில். மூட்டு வலி பற்றி எழுதியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“என் அம்மாவுக்கு 52 வயது. நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு வருஷமாக வாய் எரிகிறது என்கிறார். ரசம்கூட இறங்குவதில்லை, மோர் சாதம்தான். இப்போது வாயையும் சரியாகத் திறக்க முடியவில்லை. இட்லியைச் சின்னச் சின்னதாக விண்டு உள்ளே தள்ளுகிறார். புகையிலை தொட்டதே இல்லை. 20 வருஷமாக வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும்தான். காரம் அதிகம் சாப்பிட்டதால் வந்த சூடு என்று கைவைத்தியம் பார்த்தோம். பயப்படும்படி ஏதாவது இருக்குமா?”

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, செய்யூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அம்மாவை இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நவரை நடவு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். பாக்கை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு நோயின் பெயரை முடிவு செய்வது சரியல்ல. ஆனாலும் எரிச்சல், காரம் தாங்காமை, வாய் திறப்பு குறைவது, பல வருஷப் பாக்குப் பழக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் எந்தப் பல் மருத்துவரும் முதலில் சந்தேகிப்பது ஒன்றைத்தான். சீட்டில் ‘ஓ.எஸ்.எம்.எஃப்.’ என்று எழுதுவார்கள். நாம் ‘வாய் இறுக்க நோய்’ என்று வைத்துக்கொள்ளலாம். கன்னத்தின் உட்புறம் பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி மெத்தென்று வளைந்து கொடுக்க வேண்டும். இந்த நோயில் அது முற்றின வெண்டைக்காய் ஆகிவிடுகிறது. தோலுக்கு அடியில் நார் ஓடி, நிறம் வெளுத்து, விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். ஆரம்பத்தில் எரிச்சல் மட்டும் இருக்கும். நார் இறுக இறுக, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அம்மாவின் கையிலேயே ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போனால் திறப்பு சரி. இரண்டுதான் போகிறது என்றால் காரணம் தேட வேண்டும். நாக்கை நன்றாக வெளியே நீட்ட முடிகிறதா, கன்னத்தை உப்பி ஊத முடிகிறதா என்றும் பாருங்கள்.

இது புற்றுநோய் அல்ல. புற்றுநோய்க்கு முந்தைய நிலைகளில் ஒன்று. எல்லோருக்கும் புற்றாக மாறுவதும் இல்லை. கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டத்துக் கிராமங்களில் இந்த நோய் இருந்த 66 பேரை 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. 1985-ல் வெளியான கணக்கு இது. மீதி 61 பேருக்கு வரவில்லையே என்று ஆறுதல் அடையலாம். ஆனால், பதின்மூன்று மாடு இருக்கிற கொட்டகையில் ஒன்றுக்குக் கட்டாயம் நோய் வரும், எதற்கு என்று தெரியாது என்றால் நீங்கள் எத்தனை மாட்டைக் கவனிப்பீர்கள்?

காரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே மிளகாயைச் சந்தேகித்தார்கள், உங்களைக் குறை சொல்லமாட்டேன். காரம் பட்டால் எரிகிறது என்பது உண்மை. புண்ணில் உப்பு பட்டாலும்தான் எரிகிறது. அதற்காக உப்புதான் புண்ணைக் கொண்டுவந்தது என்று சொல்வோமா? இந்த நோய்க்கு மூல காரணம் பாக்கு. பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள், சதைக்குள் நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் செம்பும் அதிகம். போர்டோ கலவைக்கு மயில்துத்தம் கரைக்கிறோமே, அதில் உள்ள அதே உலோகம்தான். அது நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வேலைக்குத் துணை போகிறது. நம் உடம்பு பழைய நாரைக் கரைத்து எடுத்துக்கொண்டே இருந்தால்தான் சதை மெதுவாக இருக்கும். இங்கே கயிறு திரிப்பது நிற்பதில்லை, பிரிப்பது நடப்பதில்லை. சுண்ணாம்பு தன் பங்குக்கு வாயின் ஈரத்தைக் களர் நிலம் மாதிரி ஆக்கி, பாக்கின் துவர்ப்போடு சேர்ந்து உள்தோலைக் காயப்படுத்தும் பொருட்களை உண்டாக்குகிறது.

வெற்றிலையை நான் குற்றம் சொல்லவில்லை. தனி வெற்றிலை மென்றவருக்குப் புற்று வந்ததாகச் சான்று இல்லை. கொடிக்கால் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

‘புகையிலை தொட்டதே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். வெற்றிலை போடுவதற்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நம் மண்ணிலிருந்து வெகு காலம் முன்பே எழுதிவிட்டார்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் ஆர், தன்னிடம் வந்த வாய்ப் புற்று நோயாளிகளைப் பற்றி 1933-ல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அப்போதிலிருந்து எல்லோர் கண்ணும் புகையிலை மேலேயே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைகூட 1985-ல், புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும், சேர்க்காததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. பிறகு தைவானிலிருந்து ஆய்வுகள் வந்தன. அந்த ஊரில் பாக்கோடு புகையிலை சேர்ப்பதில்லை. ஆனாலும் வாய்ப் புற்று ஏராளம். 2004-ல் அதே முகமை தீர்ப்பை மாற்றி எழுதியது: புகையிலை சேர்க்காத தாம்பூலமும் புற்றை உண்டாக்கும், தனிப் பாக்கும் உண்டாக்கும். சிகரெட் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதே முதல் பட்டியலில் பாக்கு.

ஆனால் நம் ஊர்களில் இன்னும் ‘நான் புகையிலை போடுவதில்லை’ என்பதை நற்சான்றிதழ் மாதிரிதான் சொல்கிறோம். டாக்டர்களும் நம்புகிறோம். நானும் ஒருமுறை நம்பியிருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில் ஒரு கிராமத்து முகாமில் உட்கார்ந்திருந்தேன். கடைவாய்ப் பல் வலி என்று ஒரு அம்மா வந்தார். வாயில் இரண்டு விரல் நுழையவில்லை. “புகையிலை உண்டாம்மா?” என்றேன். “அய்யய்யோ, இல்ல சார்” என்றார். பாக்கு உண்டா என்று நான் கேட்கவில்லை. வலியால்தான் திறக்கவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று வருஷம் கழித்து அவரை மறுபடி பார்த்தேன், கன்னத்தில் ஆறாத புண்ணோடு. அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “வாயில என்னம்மா அடக்குவீங்க?” என்றுதான் கேட்பேன்.

பாக்கை விட்டால் பழையபடி ஆகிவிடுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஓடிய நார் தானாகக் கரையாது. ஆனால் விட்டுவிட்டால் மேலும் இறுகுவது மட்டுப்படும், எரிச்சல் தணியும். கன்னத்தில் போடும் ஊசிகள், வாய் திறக்கும் பயிற்சி, ரொம்பவும் இறுகிவிட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு. ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இரும்புச் சத்தும் கீரை, காய், பழமும் குறைந்த உடம்பில் வாயின் உள்தோல் சீக்கிரம் மெலிந்துபோகும். எரிச்சலுக்குப் பயந்து மோர் சாதத்தோடு நிறுத்திவிட்டால் அந்தக் குறை இன்னும் கூடும். காரமில்லாமல் கடைந்த கீரை, பருப்பு, முட்டை, பப்பாளி கொடுங்கள். அதற்குப் பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எரிச்சல் நின்ற பிறகும்.

எங்கே போவது? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கேளம்பாக்கம், காட்டாங்குளத்தூர், மதுராந்தகம் பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பொதுவாகக் கல்லூரி மருத்துவமனைகளில் செலவு குறைவு. சென்னைக்குப் போவதானால், செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. புற்று என்று உறுதியானால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும், சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இதைப் படிக்கும் நிலத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நடவு ஆட்களுக்குக் கூலியோடு வெற்றிலை பாக்கு வாங்கித் தருவது மரியாதை என்று நினைக்கிறோம். காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்குகிற பெண்களுக்கு அது மரியாதை மட்டும் இல்லை, பசியை அமர்த்துகிற வழியும்கூட. அந்தப் பசிக்குச் சுண்டலோ கடலை உருண்டையோ கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் “இன்னிக்கு என்ன சுண்டல்?” என்று கேட்பார்கள். சாஸ்திரத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“எனக்கு 34 வயது. கடலுக்குப் போகிறேன். போட்டில் காற்றுக்கு பீடி நிற்காது. அதனால் ஹான்ஸ்தான், கீழ் உதட்டுக்குள் வைத்துக்கொள்வேன். வைக்கிற இடத்தில் வெள்ளையாகச் சுருக்கம் விழுந்திருக்கிறது. வலி எதுவும் இல்லை. கரைக்கு வந்தால் கொஞ்சம் குடிப்பேன். பல் டாக்டர் சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்கிறார். கத்தி பட்டால்தான் கேன்சர் கிளம்பும் என்று குப்பத்தில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எடுக்கலாமா, வேண்டாமா?”

– வாசகர், மாமல்லபுரம் அருகே ஒரு மீனவர் குப்பம்.

எடுங்கள் தம்பி. கத்தி பட்டுப் புற்று கிளம்புவதில்லை. பெரியவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்றும் எனக்குப் புரிகிறது. அவர்கள் பார்த்தவர்கள் எல்லாம் கன்னம் வீங்கி, சாப்பிட முடியாமல் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். அந்த நிலையில் டாக்டர் கத்தி வைத்தார், ஆறு மாதத்தில் ஆள் போய்விட்டார். ஊர் நினைவில் நின்றது கத்திதான். அதற்கு முன் இருந்த மூன்று வருஷத்து வெள்ளைத் திட்டு யார் கண்ணிலும் படவில்லை. உங்களுக்கு எடுக்கப்போவது உளுந்து அளவுச் சதை. மரத்துப்போக ஊசி போடுவார்கள், தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல். அந்தச் சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், செல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, தாறுமாறாக மாறத் தொடங்கிவிட்டனவா என்று தெரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்து இதை எவராலும் சொல்ல முடியாது, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும்.

‘வலி எதுவும் இல்லை’ என்றீர்கள். வலி இருந்திருந்தால் எனக்குக் கவலை குறைவு. பல் கடித்து வந்த புண், சூட்டுப் புண் எல்லாம் வலிக்கும். இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். இந்தத் திட்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் துணி மாதிரி சிவந்த திட்டு, வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு என்று பல வகை. சிவப்புத்தான் மிகவும் ஆபத்தானது. வெள்ளையைவிட அது அபூர்வம், ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளே கெட்ட மாற்றம் தொடங்கியிருக்கும். நாக்கின் பக்கவாட்டிலும் நாக்குக்கு அடியிலும் வரும் திட்டுகளை ஒரு நாளும் சும்மா விடக் கூடாது. எந்தத் திட்டானாலும், ஆறாத புண்ணானாலும் இரண்டு வாரம்தான் கெடு.

ஹான்ஸ் வைத்த இடத்திலேயே திட்டு வந்திருப்பது தற்செயல் இல்லை. பொட்டலம் கரையும் இடத்தில்தான் உள்தோல் முதலில் கெடும். சிலர் இரவில் வாயில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். இப்போது பையன்கள் வைக்கும் கூல் லிப்பும் இதே கதைதான். இவை எல்லாம் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை செய்யப்பட்டவை. பெட்டிக்கடையில் எந்த டப்பாவுக்குள் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அது வேறு விஷயம்.

குடியையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. புகையிலை தனியாக ஒரு ஆபத்து, சாராயம் தனியாக ஒரு ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. சாராயம் உள்தோலை இளக்கிவிட்டு, புகையிலையின் விஷம் உள்ளே இறங்க வழி செய்து கொடுக்கிறது. கூரான உடைந்த பல் இருந்தால் அதையும் ராவி விடச் சொல்லுங்கள். தினமும் ஒரே இடத்தில் உரசுவது, ஏற்கனவே கெட்ட இடத்தை இன்னும் கெடுக்கும். வருஷக்கணக்கில் வெயிலில் நிற்பவர்களுக்குக் கீழ் உதட்டின் வெளிப்பக்கம் வறண்டு, செதில் விட்டு, திட்டு வருவதும் உண்டு. கடலில் தண்ணீர் மேல் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்த்துத்தான் உதட்டில் விழுகிறது. தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் கடலோரத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள், பெண்களும்கூட. அவர்களுக்குத் திட்டு வருவது மேல் அண்ணத்தில். எது எங்கே படுகிறதோ, அங்கே. அந்த மாவட்டம், கேரளத்தின் எர்ணாகுளம், குஜராத்தின் பாவ்நகர் ஆகிய மூன்று இடங்களிலும் 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசி, விடச் சொல்லிப் பார்த்தார்கள். 1986-ல் முடிவுகள் வந்தன. விட்டவர்களுக்கும் குறைத்தவர்களுக்கும் புதிதாக வெள்ளைத் திட்டு வருவது குறைந்தது. உங்களுடையது மாதிரி, புகையிலை வைத்த இடத்தில் மட்டும் வரும் திட்டு, விட்ட சில வாரங்களில் மங்குவதையும் நாங்கள் பார்க்கிறோம். அம்மாவின் இறுக்க நோய்க்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. மங்கினாலும் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். சதைப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லிவிட்டாரே, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விடுவது கரையில் சுலபம், போட்டில்தான் கஷ்டம் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்கிறார்கள். வலை விட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் வாய் சும்மா இருக்காது. சோம்பு, கிராம்பு, வறுத்த கடலை என்று ஒரு டப்பா எடுத்துப் போங்கள். பாக்குக்கு மாறிவிடாதீர்கள், மேலே படித்தீர்கள் அல்லவா? முதல் வாரம் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை வரும். போகப் போகக் குறையும். 1800 112 356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு வழி சொல்கிறார்கள். தடைக்காலம் வரட்டும், அப்போது விடலாம் என்று நாள் குறிக்க வேண்டாம்.

“இரண்டு இதழுக்கு முன் பாக்கைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் பிழைப்பே பாக்குதான். விவசாயப் பத்திரிகையில் இப்படி எழுதலாமா?”

– வாசகர், வாழப்பாடி, சேலம் மாவட்டம்.

உங்கள் வருத்தம் நியாயமானது. இந்த முறை போகிற போக்கில் இல்லாமல் முழுப் பக்கமே எழுதிவிட்டேன், மன்னியுங்கள். காய்க்கிற மரத்தை வெட்டுங்கள் என்று சொல்ல நான் யார்? மட்டையில் தட்டு செய்யலாம். அதில் வரும் காசு பாக்குக்கு ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும். புதிதாகத் தோப்பு போட நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். அதற்கு மேல் என்னிடம் சுலபமான பதில் இல்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் களத்தில் பாக்கு உரிப்பவர்கள் நாள் முழுக்கப் பாக்கின் நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள், வாயில் ஒரு துண்டு இல்லாமல் இருக்காது. அவர்கள் வாயை யாராவது பார்த்திருக்கிறார்களா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-லிருந்து 13 பஞ்சாயத்துத் தொகுதிகளில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். டாக்டர்கூட இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். சந்தேகப்பட்டவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றால் இறப்பது 34 சதவிகிதம் குறைந்தது. 2005-ல் இதுவும் ‘லான்செட்’டில் வந்தது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப் பரிசோதனை இலவசம். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்ததோடு திரும்பிவிடுகிறோம். வாயைப் பாருங்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும். உரிப்பு நடக்கும் நாட்களில் ஒரு காலை, உங்கள் பகுதி சுகாதார செவிலியரைக் களத்துக்கே அழைத்து வாருங்கள். ஒரு டார்ச் லைட்டும், முகம் பார்க்கும் கண்ணாடியும், ஆளுக்கு இரண்டு நிமிஷமும் போதும். முதலில் உங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள். மற்றவர்கள் பிறகு கூச்சப்பட மாட்டார்கள்.